ஆறு நாளா, அறுபது கோடி ஆண்டா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

விலங்கியல் வகுப்பு எடுத்தே காலத்தைத் தள்ளியவன் நான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோயிலில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லித் தருபவனும் நானேதான். இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆள் எப்படிப் பார்க்கிறான் என்று கேட்காதவர்கள் குறைவு. கல்லூரியில், "சார், நீங்க நிஜமாவே ஆதாம் ஏவாளை நம்புறீங்களா?" என்பார்கள். கோயிலில், "குரங்கிலேயிருந்து வந்தோம்னு சொல்லியா சம்பளம் வாங்குறீங்க?" என்பார்கள். எதிரெதிராகத் தெரிந்தாலும் இந்த இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒன்றுபோலத்தான் நினைக்கிறார்கள். கிறிஸ்தவன் என்றால், சுமார் ஆறாயிரம் ஆண்டுக்கு முன்னால் ஆறே நாளில் உலகம் உண்டானது என்று நம்பியாக வேண்டும். ஓர் உயிரினம் மாறி மாறி இன்னொன்றாகும் என்ற பரிணாமக் கொள்கையைச் சொன்ன டார்வின் வரும்வரை எல்லாக் கிறிஸ்தவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். டார்வின் வந்தார், சண்டை வந்தது. இதுதான் இருவரின் கணக்கும்.

அந்தக் கணக்கு வரலாற்றோடு பொருந்தவில்லை என்பதுதான் எனக்கு நெடுநாளாக உள்ள ஆதங்கம். இன்று சொல்ல வந்ததும் அதுதான்.

முதலில் ஆதியாகமத்தின் முதல் அதிகாரம். கத்தோலிக்க நேயர்கள் தொடக்கநூல் என்பார்கள். வானொலியில் படம் போட்டுக் காட்ட வழியில்லை, ஆகவே உங்கள் கையையே பயன்படுத்துகிறேன். இடது கையில் மூன்று விரல், வலது கையில் மூன்று விரல் நீட்டிக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் நீட்ட வேண்டாம்! இடது கை முதல் விரல், முதல் நாள்: வெளிச்சம். இரண்டாம் விரல்: வானமும் தண்ணீரும் பிரிகின்றன. மூன்றாம் விரல்: தரை தெரிகிறது, புல் பூண்டு முளைக்கிறது. இப்போது வலது கை. நான்காம் நாள்: சூரியன், சந்திரன், நட்சத்திரம். ஐந்தாம் நாள்: மீனும் பறவையும். ஆறாம் நாள்: தரையில் நடக்கும் மிருகங்கள், கடைசியாக மனிதன். இரண்டு கையையும் சேர்த்துப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே சூரிய சந்திரர். வானத்துக்கும் தண்ணீருக்கும் நேரே பறவையும் மீனும். தரைக்கு நேரே மிருகமும் மனிதனும். முதல் மூன்று நாளில் வீடு கட்டியாகிறது, அடுத்த மூன்று நாளில் குடிவருகிறார்கள். யோசித்து அடுக்கிய அடுக்கு இது.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். சூரியன் வருவது நான்காம் நாள். ஆனால் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்ற வரி முதல் நாளிலேயே வந்துவிடுகிறது. சூரியன் இல்லாமல் சாயங்காலம் எப்படி? இந்தக் கேள்வியை ஏதோ நாத்திகர் கண்டுபிடித்ததாக நினைக்கிறோம். மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த ஒரிஜென் என்ற வேத ஆசிரியர் இதையே கேட்டார். சூரியனும் சந்திரனும் இல்லாமல் மூன்று நாள் கழிந்தது என்பதை, புத்தியுள்ள யார் அப்படியே எடுத்துக்கொள்வார் என்றார். டார்வின் பிறப்பதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் முந்திய பேச்சு இது.

பின்னால் வந்த ஆயர் புனித அகுஸ்தீன், இந்த அதிகாரத்துக்கும் அடுத்த இரண்டுக்கும் விளக்கம் எழுத எடுத்துக்கொண்டது பத்து ஆண்டுக்கும் மேல். இவை நாம் அறிந்த நாட்கள் அல்ல, கடவுள் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் உண்டாக்கினார், பல உயிர்கள் வித்து நிலையில் இருந்து பிற்பாடு வெளிப்பட்டன என்பது அவர் கருத்து. அதிலிருந்தே அகுஸ்தீன் பரிணாமவாதி என்று சிலர் குதிப்பார்கள். அது வேண்டாம், அவருக்குப் பரிணாமம் தெரியாது. ஆனால் அவர் கொடுத்த எச்சரிக்கையை எங்கள் கோயில் வாசலில் எழுதிப் போட எனக்கு ஆசை. வானத்தையும் நட்சத்திரத்தையும் பிராணிகளையும் பற்றி, கிறிஸ்தவன் அல்லாதவனுக்கும் அனுபவ அறிவு உண்டு. அவன் முன்னால் நீ வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெரியாத விஷயத்தை உளறினால், அவன் உன்னைப் பார்த்துச் சிரிப்பதோடு நிற்க மாட்டான்; உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை எப்படி நம்புவான் என்கிறார் அகுஸ்தீன்.

எல்லோரும் அவர் பக்கம் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு வழி திறந்த மார்ட்டின் லூத்தர், ஆறு நாள் என்றால் ஆறு நாள்தான் என்றார். அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வம்ச வரலாறுகளையும் ராஜாக்களின் ஆட்சி ஆண்டுகளையும் கூட்டிக் கழித்து, கி.மு. 4004 அக்டோபர் 23 என்று தேதியே குறித்தார். அவரைக் கேலி செய்வது சுலபம். அந்தக் காலத்துப் பெரிய படிப்பாளி அவர். ஆக, நேரடியாக வாசித்தவர்களும் இருந்தார்கள், வேறு விதமாக வாசித்தவர்களும் இருந்தார்கள். இருவருமே கோயிலுக்குள் இருந்தார்கள் என்பதுதான் நான் சொல்வது.

என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், அந்த அதிகாரத்தில் பாறையின் வயதைத் தேடுவது, கல்யாணப் பத்திரிகையில் சாம்பாருக்கு எத்தனை படி பருப்பு என்று தேடுவதைப் போன்றது. யார் அழைக்கிறார், எதற்காக அழைக்கிறார் என்பது அதில் இருக்கும். பருப்புக் கணக்கு சமையல்காரரிடம் இருக்கும்.

சரி, அடுத்தது. இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. பூமிக்கு எத்தனை வயது என்பது ஒன்று. உயிர்கள் எப்படி உண்டாயின என்பது இன்னொன்று. ஸ்காட்லாந்தில் ஹ்யூ மில்லர் என்று ஒருவர், கல்லுடைக்கும் வேலையில் தொடங்கியவர். செம்மணற் பாறையில் பழங்கால மீன்களின் எச்சங்களைத் தேடி எடுத்துப் பெயர் வாங்கினார். சபையின் தீவிரமான ஆள், பத்திரிகை ஆசிரியர். பூமி மிகமிகப் பழையது, ஆறு நாட்களும் ஆறு நீண்ட யுகங்கள் என்று எழுதினார். ஆனால் ஓர் உயிரினம் இன்னொன்றாக மாறும் என்பதை அவர் ஒப்பவே இல்லை. முதல் கேள்விக்கு ஒரு பதில், இரண்டாவதற்கு வேறு பதில். இப்படிப் பிரித்துப் பார்த்தவர்கள் அன்று ஏராளம்.

டார்வின் நூல் 1859 நவம்பரில் வந்தபோதும் சபை முழுவதும் கொதித்து எழவில்லை. சார்ல்ஸ் கிங்ஸ்லி என்ற ஆங்கிலிக்கப் பாதிரியார், நூல் வெளிவரும் முன்பே பிரதியைப் பெற்றுப் படித்துவிட்டு டார்வினுக்குக் கடிதம் எழுதினார். கடவுள் இடையிடையே வந்து இடைவெளியை நிரப்ப வேண்டியிருந்தது என்பதைவிட, தாமே வளரும் திறனோடு உயிர்களைப் படைத்தார் என்பதும் குறைவில்லாத மேன்மைதான் என்றார். டார்வின் அடுத்த பதிப்பிலேயே, எழுதியவர் பெயரைச் சொல்லாமல் இந்தக் கருத்தைச் சேர்த்துக்கொண்டார். அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடிய முதல் ஆள், ஹார்வர்டின் தாவரவியலாளர் ஏசா கிரே. அவர் பக்தியுள்ள பிரெஸ்பிடீரியன் சபைக்காரர். 1882இல் டார்வின் இறந்தபோது உடலை அடக்கம் செய்ததும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில்தான்.

அப்படியானால் சண்டை எங்கிருந்து வந்தது? இந்த இடத்தில் நான் வழக்கம்போல டேட்டனுக்குப் போய்விடுவேன். என் மாணவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் இந்நேரம் சிரித்திருப்பார்கள்.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் டேட்டன் என்ற சின்ன ஊர். 1925ஆம் ஆண்டு. மனிதன் கீழான விலங்கிலிருந்து வந்தான் என்று அரசுப் பள்ளியில் கற்பிக்கக் கூடாது என மாநிலத்தில் சட்டம் வந்திருந்தது. அதை எதிர்த்து வழக்காட ஓர் ஆசிரியர் முன்வந்தால் உதவுகிறோம் என்று மனித உரிமைச் சங்கம் ஒன்று அறிவித்தது. டேட்டன் பெரிய மனிதர்கள் ஒரு மருந்துக்கடையில் உட்கார்ந்து யோசித்தார்கள். வழக்கு இங்கே நடந்தால் ஊருக்குப் பெயர் கிடைக்கும், நாலு பேர் வருவார்கள், வியாபாரம் ஆகும்! டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த 24 வயது வாத்தியார் ஜான் ஸ்கோப்ஸைக் கூட்டிவந்து, "நீ மாட்டிக்கொள்கிறாயா?" என்று கேட்டார்கள். அவரும் சரி என்றார். அந்தப் பாடத்தை உண்மையில் நடத்தினோமா என்பதே அவருக்கு உறுதியில்லை. இதில் வேடிக்கை, பரிணாமம் அச்சிட்டிருந்த அந்தப் பாடநூல் மாநிலமே பரிந்துரைத்தது. அந்த மருந்துக்கடையிலேயே விற்றுக்கொண்டிருந்தது.

கூட்டம் திருவிழாக் கூட்டம். கோட்டு சூட்டு மாட்டிய சிம்பன்சி ஒன்றும் வந்து சேர்ந்தது. சிகாகோ வானொலி நிலையம் ஒன்று வழக்கை நேரடியாக ஒலிபரப்பியது. அமெரிக்காவில் ஒரு வழக்கு வானொலியில் நேரடியாகப் போனது அதுதான் முதல் தடவை. ஆகவே, இந்தக் கதையை வானொலியில் நான் கொஞ்சம் நீட்டுவதில் தப்பில்லை.

அரசுத் தரப்பில் வந்தவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றவர், வெளியுறவுத் துறையைப் பார்த்தவர், பேச எழுந்தால் ஊரே அசையாது. எதிர்த் தரப்பில் கிளாரன்ஸ் டாரோ, அன்றைய அமெரிக்காவின் பேர்போன வழக்கறிஞர், கடவுள் நம்பிக்கையை ஏற்காதவர். ஜூலை 20, திங்கட்கிழமை. வெயில் கொளுத்துகிறது. கூட்டத்தின் பாரத்தில் கட்டடத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, நீதிபதி வழக்கை வெளியே புல்தரைக்கு மாற்றிவிட்டார். மரத்தடியில் நீதிமன்றம். அங்கே "வேதத்தை வாசியுங்கள்" என்று ஒரு தட்டி தொங்குகிறது. டாரோ ஆட்சேபம் செய்து அதை எடுக்க வைக்கிறார். அப்புறம் யாரும் எதிர்பாராத காரியம் செய்தார். வேத நிபுணர் என்று சொல்லி, எதிர்த் தரப்பு வழக்கறிஞரான பிரையனையே சாட்சிக் கூண்டுக்கு அழைத்தார். பிரையனும் ஏறி உட்கார்ந்தார், கையில் ஓலை விசிறியோடு.

ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கேள்வி. யோனாவை மீன் விழுங்கியதா, யோசுவாவுக்காகச் சூரியன் நின்றதா, காயீனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள் என்று போகிறது. கடைசியில் டாரோ கேட்டார்: பூமி ஆறு நாளில் உண்டானது என்று நினைக்கிறீர்களா?

பிரையன் சொன்ன பதில்: இருபத்து நாலு மணி நேரம் கொண்ட ஆறு நாள் அல்ல.

திரும்பவும் சொல்கிறேன், நடுவில் ரேடியோவைப் போட்டவர்களுக்காக. பரிணாமத்தின் முதல் எதிரி என்று உலகமே நினைக்கிற அந்த பிரையன், ஆறு நாளை நேரடி ஆறு நாளாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு நாளில் செய்வதும், ஆறு ஆண்டில் செய்வதும், அறுபது கோடி ஆண்டில் செய்வதும் நாம் நம்புகிற கடவுளுக்கு ஒன்றுபோலச் சுலபம்தான். இதில் எதை நம்புகிறோம் என்பது முக்கியமில்லை என்றார். ஹ்யூ மில்லரின் வரிசையில் நின்றவர் அவர். மறுநாள் நீதிபதி அந்தச் சாட்சியத்தையே பதிவிலிருந்து நீக்கினார். ஜூரிகள் ஒன்பது நிமிடத்தில் முடிவு சொன்னார்கள்: குற்றவாளி, நூறு டாலர் அபராதம். அடுத்த ஞாயிறு பிரையன் அதே ஊரில் பகல் தூக்கத்திலேயே இறந்துபோனார்.

பிரையனைக் கோமாளி ஆக்குவதும் எனக்குப் பிடிக்காது. வலியவன் வாழட்டும், எளியவன் ஒழியட்டும் என்ற பேச்சுக்கு டார்வின் பெயரைச் சொல்கிறார்களே என்பது அவர் கவலை. முதல் உலகப்போர் அவரை ரொம்பவே உலுக்கியிருந்தது. அந்தப் பாடநூலில் சில குடும்பங்களைச் சமூகத்தின் ஒட்டுண்ணிகள் என்று எழுதி, அவர்கள் பெருகாமல் தடுக்க வேண்டும் என்று ஒரு பகுதி இருந்தது. உயிரியல் வாத்தியாராக எனக்கு அதைப் படிக்கவே கூசுகிறது. அந்த ஒரு விஷயத்தில் பிரையன் பயந்தது நியாயம்.

ஆறாயிரம் ஆண்டு, நேரடி ஆறு நாள், பாறை அடுக்குகள் எல்லாம் நோவாவின் வெள்ளத்தில் படிந்தவை: இந்தக் கட்டு மொத்தமாகச் சபைகளில் பரவியது இன்னும் பின்னால். ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ் என்ற அட்வென்டிஸ்ட் சபை எழுத்தாளர் 1920களில் இதைப் புத்தகமாக்கினார். 1961இல் ஜான் விட்கம் என்ற வேத அறிஞரும் ஹென்றி மோரிஸ் என்ற நீரியல் பொறியாளரும் சேர்ந்து எழுதிய நூல்தான் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. இன்று கென்டக்கியில் 510 அடி நீளத்தில் நோவாவின் பேழையையே கட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு வாட்ஸ்ஆப்பில் வருகிற சிருஷ்டிப்பு வீடியோக்களும் பெரும்பாலும் இந்த வழி வந்தவைதான். ஆதி சபையின் விசுவாசம் என்று தலைப்புப் போட்டு வரும். அகுஸ்தீன் பார்த்தால் என்ன சொல்வாரோ.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையைப் பற்றி நிறைய வைத்திருந்தேன். சுருக்கமாக: 1950இல் போப் பன்னிரண்டாம் பயஸ், மனித உடலின் தோற்றத்தைப் பற்றி ஆராய்வதற்குத் தடையில்லை, ஆன்மா மட்டும் கடவுள் நேரடியாகத் தருவது என்றார். 1996இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோளுக்கும் மேலானது என்றார்.

கடைசிக் கேள்விதான் எனக்கு உண்மையிலேயே கடினமான கேள்வி. நாள் கணக்கு அல்ல, ஆதாம். ஒரே மனிதனால் பாவமும் மரணமும் வந்தது என்று ரோமர் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். நம் மரபணுக்களில் உள்ள வேறுபாடுகளைப் பார்த்தால், நம் முன்னோர் ஒரு பெரிய கூட்டமாகவே இருந்ததாகத் தெரிகிறது. ஆதாம் அந்தக் கூட்டத்தின் பிரதிநிதி என்பவர்கள் உண்டு, ஒவ்வொரு மனிதனின் கதையும் அவன்தான் என்பவர்கள் உண்டு. எனக்கு முதலாவது கொஞ்சம் அருகில் வருகிறது, முழுவதும் அல்ல. அப்புறம் வலி. புழுவின் உடம்புக்குள் முட்டையிட்டு, குஞ்சுகள் அதை உயிரோடு தின்ன விடுகிற குளவியை, அன்புள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்று 1860இல் ஏசா கிரேக்கு டார்வின் எழுதினார். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் கிரே தம் விசுவாசத்தில் நின்றார். எப்படி நின்றார் என்று பேச இன்னொரு அரை மணி நேரம் வேண்டும். நிலையத்தார் மறுபடி அழைத்தால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நன்றி, வணக்கம்.