320 கிராம் எங்கிருந்து வந்தது?

வணக்கம் மக்களே! ஒருவழியாக டென்ட் வந்துவிட்டது. ஆனால் இன்றைக்கு எனக்கு 320 கிராமைப் பற்றிப் புலம்பியே ஆக வேண்டும்.

விற்பனைப் பக்கத்தில் 1.5 கிலோ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பெட்டியைப் பிரித்ததும் நேராக அம்மாவின் சமையலறைத் தராசு (ஆமாம், ஸ்லீப்பிங் பேக்கைத் தூக்கிப் போட்டுத் திட்டு வாங்கினேனே, அதே தராசுதான்). 1.82! தராசு பொய் சொல்கிறதோ என்று ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் காட்டியது. அப்புறம்தான் பொடி எழுத்தைப் படித்தேன்: 1.5 என்பது உள்கூடாரம், மேல்விரிப்பு, கம்பிகள் மட்டும், தரையில் அடிக்கும் முளையும் கயிறும் பையும் கணக்கில் சேராது. முளையும் கயிறும் இல்லாமல் காற்றில் எதைப் பிடித்துக்கொண்டு தூங்குவது?

கூட வந்த இரும்பு முளை ஒன்று 22 கிராம், மொத்தம் 12. அலுமினிய முளை 10 கிராம்தான். 540 ரூபாய் கொடுத்து மாற்றிவிட்டேன், 144 கிராம் மிச்சம், கிராமுக்கு 3.75 ரூபாய். சிரிக்காதீர்கள், நான்கு நாள் முதுகில் சுமப்பவனுக்குத்தான் அது புரியும்.

நடைக்கோலை நட்டு நிறுத்தும் டென்ட் ஒரு கிலோவுக்குள்ளேயே கிடைக்குமே என்று பலர் கேட்டிருந்தீர்கள். கிடைக்கும். ஆனால் முளை பிடித்தால்தான் அது நிற்கும். செப்டம்பரில் நான் போவது ஹிமாசலில் ஹம்ப்டா கணவாய், வழியில் தங்கும் இடத்தின் பெயரே பாலு கா கேரா, பாலு என்றால் இந்தியில் மணல். மணலில் முளை பிடிக்காதே, அங்கே கம்பிகளின் பலத்தில் தானாக நிற்கும் டென்ட்தான் எனக்குச் சரி. ஒற்றைச் சுவர் டென்ட்டும் (உள்கூடாரம் தனியாக இல்லாமல் ஒரே அடுக்குத் துணி) வேண்டவே வேண்டாம், போன தடவை என் மூச்சுக்காற்றே தண்ணீராகி விடிய விடிய நெற்றியில் சொட்டியதைப் பார்த்தீர்கள்தானே.

அட, துணியைச் சொல்லவே இல்லையே! 20 டெனியர் நைலான். அதாவது 9,000 மீட்டர் நூலின் எடையே 20 கிராம்தான், நினைத்தாலே நடுங்குகிறது, தரையில் ஒரு முள் போதும். நைலான் நனைந்தால் தொய்யும், நடுராத்திரி எழுந்து கயிற்றை இறுக்க வேண்டும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது, ஆனால் இதே எடையில் நைலான் அளவுக்குக் கிழிசல் தாங்காது என்பதால் விட்டுவிட்டேன்.

நாளை மொட்டை மாடியில் விரித்துப் பார்க்கப் போகிறேன். அங்கே முளை அடிக்க முடியாது, செங்கல்தான். பாலு கா கேராவிலும் கயிற்றைக் கல்லில்தான் கட்டுவேன். அப்படியானால் 540 ரூபாய் முளை எதற்கு என்று கமென்ட்டில் யாரும் கேட்காதீர்கள், அம்மா கேட்டாகிவிட்டது.