முதலில் கடனை அடைத்துவிட்டு வாருங்கள்

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, மழை மிரட்டியும் எழுந்து போகாத நாகப்பட்டினத்துப் பெருமக்களே, வணக்கம். இதற்கு மேல் வணக்கம் சொன்னால் என் நேரத்தில் கழித்துக்கொள்வார்கள்.

"இன்றைய வாழ்க்கைக்குப் புத்தர் வழி ஒத்துவருமா, வராதா?" இதுதான் தலைப்பு. ஒத்துவரும் என்று பேச வந்திருக்கிறேன். வேறு ஊரில் வைத்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன். இந்த ஊரில் என்ன யோசனை? கடல் தாண்டி இருந்த ஸ்ரீவிஜயத்து அரசன் இங்கே சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்தை எழுப்பினான். தஞ்சையில் பெரிய கோயில் கட்டிய அதே ராஜராஜன் அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்து வருமானத்தை எழுதி வைத்தான். இந்த மண்ணில் கிடைத்த வெண்கலப் புத்தர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். புத்தர் உங்களுக்கு விருந்தாளி இல்லை, பழைய குடித்தனக்காரர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எதிரணித் தலைவி அம்மா ஒரு போடு போட்டுவிட்டுப் போனார்கள். "பொண்டாட்டியையும் பச்சைப் பிள்ளையையும் விட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனவரிடம் குடும்பஸ்தன் என்ன யோசனை கேட்பது? பௌத்தம் என்பது வீட்டுப் பிரச்சினையிலிருந்து தப்பித்து ஓடக் குறுக்கு வழி" என்றார்கள். தாய்மார்கள் பக்கம் எழுந்த கைதட்டலில் மைக்செட்காரரே எழுந்து பார்த்தார். நான் நாலு பக்கம் குறிப்பு எழுதி வந்திருந்தேன். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இதற்குப் பதில் சொல்லாமல் இறங்கினால் அணித் தலைவர் எனக்குச் சாப்பாடு போடமாட்டார்.

அம்மா, அங்கே அப்படி நினைத்தவுடன் ஓடிப்போய்ச் சேர்ந்துவிட முடியாது. வாசலிலேயே இன்டர்வியூ உண்டு. விநயம் என்று பிட்சுக்களுக்கு ஒரு சட்டத் தொகுப்பு இருக்கிறது. துறவு கேட்டு வருகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் வரிசையாக இருக்கின்றன. குஷ்டம் உண்டா? வலிப்பு உண்டா? நீ யாருக்காவது அடிமையா? ராஜாவிடம் உத்தியோகத்தில் இருக்கிறாயா? கடன் இருக்கிறதா? அப்பா அம்மா சம்மதம் உண்டா? இருபது வயது முடிந்ததா? இலங்கையிலும் பர்மாவிலும் தாய்லாந்திலும் இன்றைக்கும் பாலி மொழியில் இதே கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் சேர்க்கிறார்கள்.

இதில் அந்தக் கடன் கேள்வி ஒன்று போதும். நம் ஊரில் எவன் தேறுவான்?

எங்கள் தெருவில் ஒரு நண்பர். பெயர் வேண்டாம், அவர் வீட்டு அம்மா பட்டிமன்றம் விடாமல் பார்ப்பவர். வீட்டில் சண்டை வந்தால் "நான் சந்நியாசம் போறேன்டி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். தெருமுனை டீக்கடை வரைக்கும்தான் சந்நியாசம். அப்படி ஒருநாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இந்தத் தடவை முடிவு பண்ணிட்டேன், புத்த பிட்சு ஆகிடப்போறேன்" என்றார்.

"நல்லது. சில கேள்வி கேட்பாங்க, தயாரா?" என்றேன்.

"கேளு."

"குஷ்டம்?" "சீச்சீ." "வலிப்பு?" "இல்லை." "அரசாங்க உத்தியோகம்?" "அது கிடைச்சிருந்தா வீட்டுல ஏன்யா சண்டை வரப்போகுது?" "கடன்?"

மனிதர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். கையை விரித்து ஒவ்வொரு விரலாக மடக்கினார். வீட்டுக் கடன். பைக் கடன். கூட்டுறவு வங்கியில் நகைக் கடன். மச்சானிடம் கைமாற்று. ஐந்தாவது விரலை மடக்கப் போனபோது டீக்கடைக்காரர் உள்ளே இருந்து குரல் கொடுத்தார். "அண்ணே, நம்ம பாக்கியையும் சேர்த்துக்கங்க."

"வீட்டுக் கடன் எப்ப முடியுது?" என்றேன். "இன்னும் 14 வருஷம்" என்றார். ராமர் 14 வருஷம் காட்டில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார், நீங்கள் 14 வருஷம் வீட்டில் இருந்துவிட்டுக் காட்டுக்குப் போங்கள் என்றேன். "அப்பா அம்மா சம்மதம்?" என்றும் கேட்டுவைத்தேன். "அம்மா உடனே குடுத்துடும்" என்றார். சாயங்காலம் வீடு திரும்பியிருக்கிறார். அவர் மனைவி வாசலிலேயே, "என்ன, புத்தர் சேர்த்துக்கலையா?" என்று கேட்க, இவர் தலையைக் குனிந்துகொண்டு, "பேங்க்ல என்ஓசி வாங்கிட்டு வரச் சொல்றாங்க" என்றிருக்கிறார்.

எதிரணி அம்மா அவர்களே, இதுவா குறுக்கு வழி? கம்பெனியில் வேலைக்குச் சேர்வதைவிடக் கஷ்டமாக இருக்கிறதே!

ஒரு கேள்வியை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். "நீ மனுஷன்தானா?" சிரிக்காதீர்கள், உண்மையாகவே கேட்கிறார்கள். விநயத்திலேயே அதற்குக் கதை இருக்கிறது. ஒரு நாகத்துக்குப் பாம்புப் பிறவி அலுத்துப்போய்விட்டது. வாலிபன் வேடம் போட்டு வந்து பிட்சுவாகச் சேர்ந்துவிட்டது. யாருக்கும் சந்தேகம் இல்லை. கடைசிக் குடிலில் இன்னொரு பிட்சுவோடு தங்க வைத்தார்கள். விடிகாலையில் அந்த பிட்சு எழுந்து வெளியே உலாவப் போனார். ஆள் இல்லை என்ற தைரியத்தில் இவர் அசந்து தூங்கிவிட்டார். தூங்கினால் சுயரூபம் வந்துவிடும் அல்லவா? நமக்கும் அப்படித்தான், வீட்டில் கேட்டால் சொல்வார்கள். உலாவப் போனவர் திரும்பி வந்து கதவைத் திறக்கிறார். குடில் முழுக்கப் பாம்பு! சுருள் ஜன்னல் வழியாக வெளியே தொங்குகிறது. மனிதர் போட்ட சத்தத்தில் மடமே ஓடி வந்தது.

புத்தர் என்ன செய்தார்? அடிக்கச் சொல்லவில்லை. துறவு உனக்கு ஆகாது, நீ உன் இடத்துக்குப் போய் அஷ்டமியிலும் பட்சத்தின் 14, 15-ஆம் நாளிலும் விரதம் இரு, சீக்கிரம் மனிதப் பிறவி கிடைக்கும் என்றார். பாம்பு அழுதுகொண்டே போனது. அன்றிலிருந்து அந்தக் கேள்வி. தாய்லாந்தில் பிட்சு ஆகப்போகும் பையனுக்கு இன்றைக்கும் "நாக்" என்றுதான் பெயர். நான் சொல்ல வருவது, பாம்பையே இருக்கிற இடத்தில் இருந்து செய் என்றவர், உங்களையும் என்னையுமா வீட்டை விட்டு ஓடு என்பார்?

வீட்டில் இருப்பவனுக்கு அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். ராஜகிருகத்தில் சிகாலன் என்ற இளைஞன் காலையில் ஈரத் தலையோடு ஆறு திசையையும் கும்பிட்டுக்கொண்டிருந்தான். ஏன் கும்பிடுகிறாய் என்றால், சாகும்போது அப்பா சொன்னார் என்றான். புத்தர் அவனுக்குத் திசையைப் பிரித்துக் கொடுத்தார். கிழக்கு அப்பா அம்மா, தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர்கள், கீழே வேலையாட்கள், மேலே துறவிகள். வேலையாளுக்கு நோய் வந்தால் வைத்தியம் பார், அவ்வப்போது லீவு கொடு என்றார். இதைச் சில முதலாளிகள் காதில் யாராவது போட்டால் தேவலை. கணவனுக்கு ஐந்து கடமை சொன்னார். மனைவியை மதி, இழிவாகப் பேசாதே, துரோகம் செய்யாதே, வீட்டு அதிகாரத்தை அவளிடம் கொடு. ஐந்தாவது என்ன தெரியுமா? நகை வாங்கிக் கொடு! இப்போது தட்டுங்கள் கையை! நகை வாங்கிக் கொடுக்கச் சொன்னவரைப் பார்த்தா அம்மா, குடும்பத்துக்கு ஆகாதவர் என்கிறீர்கள்?

தியானம் செய்ய நேரம் எங்கே என்று இன்னொரு நண்பர் கேட்டார். 1948-இல் சுதந்திர பர்மாவின் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனவர் ஊ பா கின். நாட்டுக்கே கணக்குப் பார்க்கிற வேலை. அந்த அலுவலகத்திலேயே தியானம் சொல்லிக்கொடுத்தார். தீராத ஒற்றைத் தலைவலியோடு வந்த கோயங்கா என்ற வியாபாரியிடம், தலைவலிக்காக என்றால் வர வேண்டாம் என்றார். அப்புறம் அந்த வியாபாரியே பெரிய தியான ஆசிரியர் ஆகி, இகத்புரியில் 10 நாள் வாய் திறக்காமல் உட்காரும் வகுப்புக்கு இடம் அமைத்தார். பட்டிமன்றப் பேச்சாளர் எவரும் போனதாகத் தகவல் இல்லை. அந்த கோயங்கா ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

1956 அக்டோபர் 14. நாகபுரியில் அம்பேத்கர் தம் மனைவியோடு நின்று தீட்சை வாங்கினார். அவரைத் தொடர்ந்து லட்சக்கணக்கான மக்கள். அவர்கள் காட்டுக்கா போனார்கள்? வீட்டுக்குத்தான் போனார்கள், தலை நிமிர்ந்து.

முதல் மணி அடித்துவிட்டார்கள். ஆனாலும் புத்தர் விட்டுப்போன மனைவி யசோதரையை அப்படியே விட்டுவிட்டுப் போக மனசில்லை, நடுவர் அவர்களே. புத்தர் சொந்த ஊரான கபிலவஸ்துவுக்குத் திரும்பியபோது ஊரே போய்க் கும்பிட்டது. யசோதரை போகவில்லை. எனக்கு மதிப்பு இருந்தால் அவரே வருவார் என்று உள்ளேயே இருந்துவிட்டார். புத்தர்தான் அவரைத் தேடிப் போனார். பிறகு மகன் ராகுலனிடம், அதோ உன் அப்பா, போய் உன் சொத்தைக் கேள் என்று அனுப்பினார் அந்தத் தாய். பிள்ளை போய்க் கேட்டது. அவரிடம் இருந்த சொத்து துறவு ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டார்.

அப்போது ஓடி வந்தவர் தாத்தா சுத்தோதனர். நீ போனபோது துடித்தேன், என் இன்னொரு மகன் நந்தன் போனபோதும் துடித்தேன், இப்போது பேரனும் போய்விட்டான் என்றார். பிள்ளைப் பாசம் தோலை அறுக்கும், சதையை அறுக்கும், நரம்பை அறுக்கும், எலும்பை அறுத்து மஜ்ஜை வரை இறங்கும் என்று மகனிடமே சொன்னார். இது நான் கட்டியது இல்லை, விநயத்தில் இருக்கிறது. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பிள்ளையை அனுப்பியவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். திருச்சி ஏர்போர்ட்டில் பையன் உள்ளே போன பிறகும், வேன் டிரைவர் ஹாரன் மேல் ஹாரன் அடித்தும், அந்தக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்ற அப்பா இங்கே எத்தனை பேர்? அந்தக் கிழவர் அழுதது உங்களுக்குப் புரியும். எனக்குப் புரியும். என் அப்பாவும் அப்படி நின்றவர்தான்.

அந்தக் கிழவர் வரம் ஒன்று கேட்டார். இனிமேல் எந்தப் பிள்ளையையும் பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் சேர்க்காதே என்றார். உலகத்துக்கே குருவானவர், அப்பா சொன்னதைக் கேட்டு அன்றைக்கே சட்டம் போட்டார். டீக்கடையில் நான் சிரிப்பாகக் கேட்டேனே "அப்பா அம்மா சம்மதம் உண்டா" என்று, அந்தக் கேள்வி வந்தது இப்படித்தான்.

இரண்டாவது மணியும் அடித்தாகிவிட்டது. அம்மா, நீங்கள் யசோதரைக்காகப் பேசினீர்கள், நான் சுத்தோதனருக்காகப் பேசிவிட்டேன். நடுவர் ஐயா பார்த்து யாருக்காவது தீர்ப்புச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.