பக்கத்து வீட்டில் பொத்தானை அழுத்தினால் உங்கள் வீட்டு விளக்கு எரியுமா?

இரவு பதினொன்றரை மணி. வீட்டில் எல்லோரும் உறங்கிவிட்டார்கள். மாடிப்படி விளக்கு தானாக எரிகிறது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அடுத்த வீட்டுக்காரர் தம் வராந்தா விளக்கைப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்!

இது நடக்கக்கூடியதா? நடக்கும். எப்படி என்பதை இந்த வீடியோ முடிவதற்குள் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

வணக்கம். குமரி மாவட்டம் தக்கலையில் இருந்து பேசுகிறேன். இன்றைக்கு, மின்கம்பி வழியாகவே கட்டளை வாங்கும் சுவிட்சுகள். எங்கள் ஆச்சி வீட்டின் சுவர் கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டியது. கூடத்தில் இருக்கும் வைஃபை அடுக்களைக்கு வருவதற்குள் செத்துவிடும். ஆனால் மின்கம்பி அந்தச் சுவரை எப்போதோ துளைத்துப் போய்விட்டதே! இருக்கிற கம்பியிலேயே செய்தியையும் அனுப்பினால் என்ன?

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். 1975-இல் ஸ்காட்லாந்தின் கிளென்ராதஸ் நகரில் பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் எக்ஸ்10 என்ற முறையை உருவாக்கியது. அதன்பின் இதே வேலைக்கு யுபிபி என்ற முறை வந்தது, 2005-இல் இன்ஸ்டியான் என்ற முறை வந்தது. போதும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். கடியபட்டணம் கரையில் வள்ளம் இறக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? வருகிற அலையோடு யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. வள்ளத்தின் இரு பக்கமும் பிடித்தபடி, இடுப்பளவு தண்ணீரில், கடலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பெரிய அலைகள் வந்து உடைந்து ஓயும். அடுத்தது எழும்பும் முன் ஓர் இடைவெளி கிடைக்கும். அந்த நேரத்தில் ஒரே தள்ளு, வள்ளம் உள்ளே போய்விடும்.

எக்ஸ்10 செய்வதும் இதுதான். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை பூஜ்யத்தைக் கடக்கிறது. அதாவது விநாடிக்கு 100 முறை கம்பியில் அலை அடங்குகிறது. அந்தக் கணம் பார்த்து, ஒரு மில்லி விநாடி நேரத்துக்கு, 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றைச் சுவிட்ச் உள்ளே தள்ளுகிறது. 230 வோல்ட் ஓடும் கம்பியில் சில வோல்ட் மட்டுமே உள்ள சின்னக் குரல் கேட்பதற்கு, நேரம் பார்த்துப் பேசுவதும் ஒரு காரணம். இதை முதலில் படித்த அன்று, சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துடிப்பு வந்து, அடுத்த அடங்கலில் வராவிட்டால் அது ‘ஒன்று’. முதலில் வராமல், அடுத்ததில் வந்தால் ‘சுழியம்’. முகவரியை இரண்டு முறை, கட்டளையை இரண்டு முறை என அனுப்பி முடிக்க 47 சுற்றுகள் ஆகும். நம் 50 ஹெர்ட்ஸில் 0.94 விநாடி. பொத்தானை அழுத்தி, “எரியவில்லையே” என்று நினைக்கும்போது விளக்கு எரியும்.

இப்போது பேய்க்கு வருவோம். எக்ஸ்10-இல் 16 வீட்டு எழுத்துகள், ஒவ்வொன்றிலும் 16 எண்கள், மொத்தம் 256 முகவரிகள். கடவுச்சொல் எதுவும் கிடையாது. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில், ஒரே ஃபேஸில் இருக்கும் இரண்டு வீட்டார் ஒரே எழுத்தையும் எண்ணையும் வைத்திருந்தால், கட்டளை மதிலைத் தாண்டிவிடும். எழுத்தை மாற்றுங்கள், அல்லது மெயினில் இந்தத் துடிப்பை மட்டும் தடுக்கும் வடிகட்டி போடுங்கள். இன்ஸ்டியானில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனி அடையாளம் உண்டு. கேட்கும் ஒவ்வொரு சுவிட்சும் செய்தியைத் திரும்பச் சொல்லி வலுவூட்டும். அதனால் எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம். ஆனால் 2022 ஏப்ரலில் கைபேசியிலிருந்து வரும் கட்டளைகளை வாங்கும் அந்த நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றுபோயின. ஜூனில் பயனர்கள் சிலரே சேர்ந்து அதை வாங்கி உயிர்ப்பித்தார்கள். அந்த இடைவெளியிலும் சுவரில் இருந்த சுவிட்ச் கைக்கு வேலை செய்தது. எந்தச் சுவிட்சை வாங்கினாலும் இதைக் கேட்டு வாங்குங்கள்: இணையம் போனால் விரலுக்கு எரியுமா?

வாங்கும் முன் பின்பக்க எழுத்தைப் படியுங்கள். அமெரிக்காவில் இருக்கும் என் சித்தி மகன் ஆசையோடு ஒரு பெட்டி சுவிட்ச் கொண்டுவந்தான். ‘120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்டிருந்தது. நம் வீட்டில் மாட்டினால் புகைதான். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று போட்டது மட்டுமே நமக்கு ஆகும்.

அடுத்தது நியூட்ரல். ஃபேஸ் கம்பியில் வரும் மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி அது. மெயின் போர்டில் இருக்கும் எம்சிபி சுவிட்சை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு போர்டைக் கழற்றச் சொல்லுங்கள். பிளக் பாயிண்ட் உள்ள போர்டில் நியூட்ரல் இருக்கும். தனிச் சுவிட்ச் மட்டும் உள்ள பெட்டியில் பெரும்பாலும் இருக்காது. நியூட்ரல் இல்லாமல் ஓடும் டிம்மர்கள், அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்சுகள், பல்பின் வழியாகக் கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிட்டுத்தான் உயிர்வாழும். குண்டு பல்பு காலத்தில் அது தெரியவில்லை. எல்இடி பல்பு அணைத்த பிறகும் மினுமினுக்கும். மின்விசிறிக்கு விளக்கு டிம்மரை மாட்டவே மாட்டாதீர்கள். அதற்கு, கம்பியை முழுதாகச் சேர்த்துப் பிரிக்கும் ரிலே வைத்த சுவிட்ச்தான் வேண்டும்.

மாடிப்படிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என டூ-வே சுவிட்ச் இருக்குமல்லவா? இரண்டுக்கும் நடுவே ஓடும் இரண்டு கம்பிகள் இனி அந்த வேலைக்குத் தேவையில்லை, ஏனென்றால் சுவிட்சுகள் மின்கம்பி வழியாகவே பேசிக்கொள்ளும். எங்கள் எலக்ட்ரீசியன் அண்ணாச்சி அந்த இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, “இதில் ஒன்றை ஃபேஸாகவும் மற்றதை நியூட்ரலாகவும் மேலே கொண்டுபோகலாமே” என்றார். கீழ் போர்டில் இருந்த நியூட்ரல் மேல் பெட்டிக்கும் வந்துவிட்டது! சுவரை உடைக்கவில்லை. நியூட்ரலாக்கிய கம்பியின் இரு முனையிலும் கருப்பு டேப் சுற்றினார். விளக்கு மேல் சுவிட்சில், கீழே இருப்பது கட்டளை மட்டும் அனுப்பும்.

எல்லாம் முடிந்தும் மாலையில் மட்டும் விளக்கு பேச்சைக் கேட்கவில்லை. மூன்று நாள் தேடினோம். குற்றவாளி, தம்பி மாலையில் கம்ப்யூட்டருக்காக மாட்டும் ஸ்பைக் பஸ்டர். அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கியதும் விளக்கு எரிந்தது. உங்களுக்கும் இப்படி ஆனால் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பாருங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிறதா? கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் லைன் மெயினிலிருந்து பிரிந்துவிடும். கட்டளை அனுப்புவதும் வாங்குவதும் இரண்டுமே இன்வெர்ட்டர் பக்கம் இருக்க வேண்டும். மெயின் மின்சாரம் போலவே சீராக ஏறி இறங்கும் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருப்பது முக்கியம். சதுர அலையில் அந்த அடங்கல் சரியாகக் கிடைக்காது. 2017-இல் ஓகி புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து, இருட்டில் நாள்கணக்கில் இருந்தோம். இந்த மாவட்டத்தில் இன்வெர்ட்டரை மறந்து வயரிங் திட்டம் போடவே கூடாது.

வீடு முழுக்க மாற்ற வேண்டுமா? வேண்டாம் என்பேன். மாடிப்படி, வாசல், கிணற்றடி. இந்த மூன்றில் தொடங்குங்கள். எங்கள் ஆச்சி இப்போது கட்டிலில் இருந்தபடியே கிணற்றடி விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளியே இறங்குகிறார்.

உங்கள் மாடிப்படி போர்டுக்குள் எத்தனை கம்பி, என்னென்ன நிறம் என்று கீழே எழுதுங்கள். குளச்சலோ குலசேகரமோ, எந்த ஊர் என்றும் சேர்த்து எழுதுங்கள். படித்துப் பதில் சொல்கிறேன்.