படம்தான் வந்துவிட்டதே, நேரில் எதற்கு?

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூருக்குப் போய் அமெரிக்கப் பாப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்ததைப் பற்றிக் கொஞ்சம் பேச முடியுமா என்று நிலையத்தில் கேட்டார்கள். சந்தோஷமாகப் பேசுகிறேன். அந்தப் பயணம் பற்றித் தெரிந்தவர்களெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. எராஸ் டூர் என்ற அவருடைய உலக இசைப்பயணம் படமாகவே வந்துவிட்டது, 2023 நவம்பரில் நம் நாட்டுத் திரையரங்குகளிலும் ஓடியது, அதை நூற்றைம்பது இருநூறு ரூபாயில் பார்த்துவிடலாமே, விமானம் ஏறிப் போய் இவ்வளவு செலவழிப்பானேன் என்பது அந்தக் கேள்வி. நியாயமான கேள்விதான். அதனால் அதற்குப் பதிலாகவே இந்த உரையைச் சொல்லிக்கொண்டு போகிறேன்.

நான் திருச்சிக்காரி, ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கல்லூரி விடுதியில் இருந்தபோது செல்போன் கடையில் காசு கொடுத்து மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொள்ளும் பழக்கம் இருந்தது, உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்படி என் அறைத்தோழி ஏற்றி வந்த நூறு பாட்டில் இரண்டு மூன்று இந்தப் பெண்ணுடையது. 2008-இல் வந்த அவருடைய இரண்டாவது ஆல்பத்தின் பாடல்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த ஆல்பத்துக்கு 2010-இல் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தபோது அவருக்கு வயது 20. எனக்கும் ஏறக்குறைய அதே வயது. அவர் ஒவ்வொரு ஆல்பமாகப் போட்டுக்கொண்டே வர, நான் படிப்பு, வேலை, அப்பாவின் உடல்நிலை என்று என் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தேன். எல்லாக் கட்டத்திலும் காதில் அவர் குரல் இருந்தது, அவ்வளவுதான்.

எராஸ் டூர் 2023 மார்ச்சில் அமெரிக்காவில் அரிசோனாவில் தொடங்கியது. இந்தியாவுக்கு வரவில்லை. தென்கிழக்கு ஆசியா முழுவதற்கும் சேர்த்து சிங்கப்பூரில் மட்டும் ஆறு நாள், 2024 மார்ச் 2 முதல் 9 வரை. இதில் ஒரு அரசியல் சண்டையே நடந்தது. சிங்கப்பூர் பணம் கொடுத்து மற்ற நாடுகளுக்குப் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டது என்று அப்போதைய தாய்லாந்துப் பிரதமர் வெளிப்படையாகவே சொன்னார். ஊக்கத்தொகை கொடுத்தது உண்மைதான் என்று அப்போதைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங்கும் ஒப்புக்கொண்டார், அண்டை நாடுகளுக்கு எதிரான செயலாகத் தான் அதைப் பார்க்கவில்லை என்றார். எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. மணிலாவிலும் பாங்காக்கிலும் ஜகார்த்தாவிலும் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் விமானச் செலவும் விடுதிச் செலவும் செய்து ஒரே ஊருக்கு வரவேண்டியிருந்தது, வர முடியாதவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். திருச்சிக்காரர்களுக்கு மட்டும் அது வசதியாகப் போனது, நம் ஊரிலிருந்து நேரடி விமானம் இருக்கிறதே!

டிக்கெட் வாங்கியது என் அத்தை மகள். அவள் அங்கே பல வருடமாக வேலை பார்க்கிறாள். 2023 ஜூலை 7-ஆம் தேதி பொது விற்பனை. இணையத்தில் முன்பதிவு செய்து குறியீட்டு எண் கிடைத்தவர்கள்தான் வாங்க முடியும், அதே எண்ணை வைத்து அஞ்சல் நிலையங்களிலும் வாங்கலாம் என்று வைத்திருந்தார்கள். முதல் நாளே போய் அஞ்சல் நிலைய வாசலில் பாயும் மடக்கு நாற்காலியுமாக உட்கார்ந்தவர்கள் உண்டு, அவளும் தோழிகளோடு முறை மாற்றி உட்கார்ந்தாள். எங்களுக்குக் கிடைத்தது மேல்தளத்தில், 248 சிங்கப்பூர் வெள்ளி. நம் பணத்தில் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். அது எனக்குச் சின்னத் தொகை இல்லை. ஆனால் எட்டு மாதம் அவகாசம் இருந்ததால் சம்பளத்திலிருந்து ஒதுக்கி வைத்து, விசா, விமானம் எல்லாவற்றையும் கடனில்லாமல் முடித்தேன்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் சின்னக்கடை வீதியில் எழுத்து போட்ட பாசிமணிகள் வாங்கிக் கோத்தேன். ரசிகர்கள் கையில் மணிகோத்த காப்புகள் நிறைய போட்டுக்கொண்டு வந்து முன்பின் தெரியாதவர்களோடு மாற்றிக்கொள்வது இந்த எராஸ் டூரில் உருவான வழக்கம். 2022-இல் வந்த ஆல்பத்தில் ஒரு பாட்டில் வரும் வரியைப் பிடித்துக்கொண்டு ரசிகர்களே தொடங்கியது, யாரும் ஏற்பாடு செய்யவில்லை. நான் சிலவற்றில் தமிழ் எழுத்து இருக்கட்டும் என்று வெள்ளை மணியில் பெயின்டால் அ, ஆ எழுதிக் கொண்டுபோனேன். அவற்றைத்தான் எல்லாரும் முதலில் கேட்டு வாங்கினார்கள். ஸ்டேடியம் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து அரங்கம் இருக்கும் காலாங் பக்கம் நடக்கும்போதே என் முன்கை நிறைந்துவிட்டது. இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு அம்மா, மகளுக்குத் துணையாக வந்தவர், பாட்டு எதுவும் தெரியாது என்று சிரித்தார், அவர் கையிலும் முழங்கை வரை காப்பு. டிக்கெட் கிடைக்காதவர்கள் அரங்கத்துக்கு வெளியே தரையில் துணி விரித்து உட்கார்ந்திருந்தார்கள், சத்தம் கேட்டால் போதும் என்று. அவர்களையெல்லாம் நினைத்தால் உள்ளே போகும்போது மனசு கனத்துத்தான் போனது.

சரி, உள்ளே. தேசிய அரங்கம் 2014-இல் திறந்தது, மேலே குவிமாடக் கூரை, அந்த வெப்பத்திலும் இருக்கைக்கு அடியிலிருந்து குளிர்ந்த காற்று வரும்படி கட்டியிருக்கிறார்கள். முதலில் சப்ரினா கார்ப்பென்டர் என்ற இன்னொரு பாடகி பாடினார். அப்புறம் பெரிய திரையில் கடிகாரம் ஒன்று எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வந்தது, அது பூஜ்யத்தைத் தொட்டபோது கிளம்பிய சத்தத்தை நான் வாழ்நாளில் கேட்டதில்லை.

என் இடத்திலிருந்து அவர் ஒரு விரல் நுனி அளவுதான் தெரிந்தார். இதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் நேரில் என்றதும் முகத்துக்கு நேராகப் பார்த்தது போல் பலரும் நினைக்கிறார்கள். முகம் பார்க்கவேண்டுமென்றால் திரையைத்தான் பார்க்கவேண்டும். திரையரங்கில் படம் பார்த்தபோது இதைவிடப் பக்கத்தில் பார்த்தேன். ஆனால் படத்தில் கேமரா எங்கே காட்டுகிறதோ அங்கேதான் நம் கண் போகும், அது காட்டுவது எல்லாம் சரியாக வந்த இடங்கள். நேரில், ஒரு பாட்டு முடிந்து விளக்கு அணைந்த பிறகு அந்த நீளமான மேடையில் அவர் இருட்டில் ஓடுவதைப் பார்த்தேன். அடுத்த பாட்டு தொடங்கும் இடத்துக்கு வேகமாக ஓடி, நின்று, தோளை ஒருமுறை இறக்கி, மூச்சை இழுத்துக்கொண்டு, விளக்கு வரும்போது சிரித்த முகத்தோடு நிற்கிறார். பக்கத்தில் ஆடுபவர்கள் இருட்டிலேயே பொருள்களைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். மேடைக்குள் இறங்கிய பெண் ஒரு நிமிடம்கூட ஆகாமல் வேறு உடையில் இன்னொரு மூலையில் வருகிறார். எனக்குப் படம் தராத காட்சி இதுதான். படத்தில் நேரம் கருதிச் சில பாட்டுகளையும் வெட்டியிருந்தார்கள், அங்கே வெட்டு எதுவும் இல்லை, நாற்பதுக்கு மேல் பாட்டு, மூன்று மணி நேரத்துக்கும் அதிகம், நடுவில் இடைவேளை கிடையாது.

இதற்காக அவர் எப்படித் தயாரானார் என்று 2023 டிசம்பரில் டைம் இதழுக்குச் சொல்லியிருக்கிறார். தினமும் ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டே நிகழ்ச்சியின் மொத்தப் பாட்டையும் வாய்விட்டுப் பாடுவாராம், வேகமான பாட்டுக்கு ஓட்டம், மெதுவான பாட்டுக்கு நடை. அதைப் படித்தபோது ஒரு தகவலாக மட்டும் மண்டையில் தங்கியது. அரங்கத்தில் உட்கார்ந்து, இரண்டாவது மணி நேரம் முடியும் தறுவாயில், ஆடி முடித்த கையோடு நீட்டிப் பிடிக்கவேண்டிய ஒரு வரியை அவர் நீட்டிப் பிடித்ததைக் கேட்டபோதுதான் அந்த ட்ரெட்மில் எனக்குப் புரிந்தது. ஆட்டம் அதிகமுள்ள இடங்களில் பின்னணிக் குரல்கள் துணைக்கு வருகின்றன, அது காதுக்குத் தெரிகிறது, அதை நான் குறையாக நினைக்கவில்லை. தனியாகப் பாடும் இடங்களில் குரல் தனியாகத்தான் நின்றது, சில இடத்தில் மூச்சு கலந்து, சில சொல் ஆல்பத்தில் இருப்பதைவிடக் கரகரத்து. மார்கழி மாதம் சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கும்போது பாடகரின் தொண்டை சூடாவதும் தேறுவதும் நமக்குத் தெரியுமே, அதே மாதிரி.

இன்னொன்று. 2024 பிப்ரவரி 4-ஆம் தேதி அவர் நான்காவது முறையாகச் சிறந்த ஆல்பம் கிராமி வாங்கினார், அதற்கு முன் எந்தப் பாடகரும் நான்கு வாங்கியதில்லை. அதே வாரம் டோக்கியோவில் நான்கு நாள், பிறகு மெல்பர்னில் மூன்று நாள், சிட்னியில் நான்கு நாள், அதன்பிறகுதான் சிங்கப்பூர். பாப் பாடகி என்றால் அழகும் விளம்பரமும்தான் என்று பேசுகிறவர்களுக்கு இந்த அட்டவணையைக் காட்டினால் போதும் என்று நினைக்கிறேன்.

நான் போனது முதல் நாள், மார்ச் 2, சனிக்கிழமை. அன்றைக்கு அவர் பாசி படர்ந்தது போல் அலங்கரித்த பியானோவும் காடுமாக இருக்கும் பகுதியில் பேசிய பேச்சு ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். தன் அம்மா சின்ன வயதில் நிறைய காலம் சிங்கப்பூரில் வளர்ந்தவர் என்று சொன்னார். முன்பு இங்கே பாட வரும்போதெல்லாம் அம்மா தன்னைக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் குடியிருந்த பழைய வீட்டைக் காட்டுவாராம், படித்த பள்ளியைக் காட்டுவாராம். அம்மாவின் அம்மா மார்ஜோரி ஃபின்லே, ஆப்பரா பாடகி, சிங்கப்பூரில் இருந்த காலத்தில் அங்கேயும் பாடியிருக்கிறார், 2003-இல் காலமானார். அந்தப் பாட்டியைப் பற்றி, அவர் பெயரிலேயே எழுதிய பாட்டை அடுத்துப் பாடினார். அந்தப் பாட்டில் பாட்டியின் பழைய ஒலிப்பதிவிலிருந்து எடுத்த குரலையும் பின்னணியில் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே அந்த ஊரில் வாழ்ந்து, அந்த ஊரில் பாடிய ஒரு அம்மாளின் குரல், அரை நூற்றாண்டு கழித்து அதே ஊரில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களுக்கு நடுவில் ஒலிக்கிறது. கீழிருந்து மேல்தளம் வரை எல்லாரும் கைபேசி விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெண் மணிலாக்காரி, அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் அம்மாச்சி நடவுப் பாட்டு நன்றாகப் பாடுவார்கள் என்று வீட்டில் சொல்வார்கள், அவர்கள் குரல் எங்கள் வீட்டில் எந்த கேசட்டிலும் இல்லை. அதை நினைத்து நான் அழுதேன். அந்தப் பாட்டை அதற்கு முன் எத்தனையோ தடவை பேருந்தில் போகும்போது கேட்டிருக்கிறேன், ஒருமுறைகூட அது தோன்றியதில்லை.

கடைசிப் பகுதிக்கு முன்னால் கிட்டாரோடு ஒரு முறை, பியானோவோடு ஒரு முறை, தனியாக உட்கார்ந்து பாடுவார். என்ன பாட்டு என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். ஆஸ்திரேலியாவிலிருந்து இரண்டிரண்டு பாட்டை இணைத்துப் பாட ஆரம்பித்திருந்தார். முதல் கம்பியைத் தட்டும்போதே பாட்டைக் கண்டுபிடித்துக் கத்துகிறவர்கள் ஒரு பக்கம், தான் காத்திருந்த பாட்டு வரவில்லையே என்று தலையில் கைவைத்துக்கொண்டு, அடுத்த வரியிலேயே சேர்ந்து பாடுகிறவர்கள் இன்னொரு பக்கம். நானும் ஒரு பாட்டுக்காக ஆசையோடு இருந்தேன், அது வரவில்லை, பரவாயில்லை. வந்த நான்கும் அந்த ஓர் இரவுக்கென்று கோத்தவை.

நிகழ்ச்சி முடிந்தபின் அவ்வளவு கூட்டமும் தள்ளுமுள்ளு இல்லாமல் ரயில் நிலையத்துக்கு நகர்ந்தது. ஒரு பகுதியினரை நிறுத்தி, இன்னொரு பகுதியினரை விட்டு, மெதுவாக. கூட்டத்தை இப்படி நடத்தலாம் என்று நம் ஊரில் நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் பார்த்துக் கற்கவேண்டும், ஏனென்றால் பாட்டு கேட்க வந்தவர்கள் பத்திரமாக வீடு திரும்புவது பாட்டைவிட முக்கியம். 2023 நவம்பரில் பிரேசிலின் ரியோவில் கடும் வெப்பத்தில் ஒரு இளம் ரசிகை இதே பயணத்தின் நிகழ்ச்சியில் இறந்துபோனாள், அதை ரசிகர்கள் யாரும் மறக்கவில்லை.

2024 டிசம்பரில் கனடாவின் வான்கூவரில் எராஸ் டூர் முடிந்தது, மொத்தம் 149 நிகழ்ச்சிகள். 2025 மே மாதம் தன் முதல் ஆறு ஆல்பங்களின் மூலப்பதிவு உரிமையையும் அவரே விலைகொடுத்து வாங்கிவிட்டார். 2019-இல் அது வேறு கைக்குப் போனதால், தனக்கென்று சொந்தப் பதிவு இருக்கட்டும் என்று நான்கு ஆல்பங்களை முழுசாக மறுபடி பாடிப் பதிவு செய்தவர் அவர். அந்தச் செய்தி வந்த அன்று நான் அலுவலகத்தில் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன், எதற்கென்று கேட்டவர்களுக்கு உட்காரவைத்து விளக்கமும் சொன்னேன்.

இந்த உரையைக் கேட்டு, தங்களுக்குப் பிடித்த பாடகரை வெளிநாடு போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிற பிள்ளைகள் யாராவது இருந்தால், அது எந்த மொழிப் பாடகராக இருந்தாலும், டிக்கெட்டை நடத்துகிறவர்கள் விற்கும் இடத்தில் மட்டும் வாங்குங்கள். சிங்கப்பூரில் இதே நிகழ்ச்சிக்கு அறிமுகமில்லாதவர்களிடம் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் பலர், அங்கே காவல்துறையே எச்சரிக்கை விட்டது. கடன் வாங்கிப் போகாதீர்கள், ஒரு வருடம் சேருங்கள். முடிந்தால் அந்த ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். அப்புறம், போகிற வாரம் முழுக்கத் தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள், மூன்று மணி நேரம் நீங்களும் பாடவேண்டியிருக்கும். நன்றி, வணக்கம்.