மீன் உப்ப சும்மா தாங்குறதில்ல

எல்லாருக்கும் வணக்கம். மலையில கொழுந்து நிறுத்துட்டு நேரா இங்க வந்து உக்காந்திருக்கிற அம்மாமாருக்கும், சனிக்கிழம டியூஷன விட்டுட்டு வந்திருக்கிற ஏ/எல் பிள்ளைகளுக்கும் ரொம்ப நன்றி. வாசல்ல ஒரு ஐயா கேட்டாரு, கடலே கண்ணுக்கு தெரியாத ஹட்டன்ல எதுக்கு சேர் உப்புத் தண்ணி மீனப் பத்தி பேச்சுன்னு. நியாயமான கேள்வி. ஆனா பாருங்க, இந்த மேட்டுல பேயுற மழையில ஒரு பக்கத்துத் தண்ணி மகாவலியில விழுந்து திருகோணமலைக்குப் பக்கத்துல கொட்டியாரக் குடாவுக்குப் போவுது, இன்னொரு பக்கத்துத் தண்ணி காசல்ரீ, மவுசாக்கலைன்னு தேங்கி நின்னு களனியில சேந்து கொழும்புல கடல்ல விழுது. அங்க கழிமுகத்துல உப்பு எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும்ங்கிறதுல நம்ம மலைத் தண்ணிக்கு பெரிய பங்கு இருக்கு. அதனால இது நம்ம விஷயமும்தான்.

கடல் தண்ணி ஒரு லீட்டர எடுத்தா அதுல சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். காசல்ரீ தண்ணில ஒண்ணுமே இல்லன்னு சொல்லலாம், அவ்வளவு கொறச்சல். இப்ப மீனோட ரத்தத்துல எவ்வளவு உப்புன்னு கேட்டா, அது கடல் மீனா இருந்தாலும் சரி, குளத்து மீனா இருந்தாலும் சரி, கிட்டத்தட்ட கடல் தண்ணியோட மூணுல ஒரு பங்குதான், எலும்புள்ள மீன்கள்ல பெரும்பாலும் இப்படித்தான் (சுறா வேற வழியில போவுது, அது உடம்புல யூரியாவ சேத்து வச்சு சமாளிக்குது, அத இன்னிக்கு விட்டுருவோம்). தண்ணி எப்பவும் உப்பு கூடின பக்கத்துக்குத்தான் இழுபடும், அப்ப குளத்து மீனுக்கு வெளிய உள்ள தண்ணி ஓயாம உள்ள வந்துக்கிட்டே இருக்கும், பிரசாரணம்னு படிக்கிறீங்களே அதுதான், மழை நாள்ல ஒழுகுற லயத்துக்குள்ள இருந்துகிட்டு தண்ணிய அள்ளி அள்ளி வெளிய ஊத்துற மாதிரி அது நாள் பூரா மூத்திரமா தள்ளிக்கிட்டே இருக்கும், அப்படித் தள்ளும்போது கொஞ்சம் கொஞ்சம் உப்பும் கூடப் போயிரும். கடல் மீனுக்கு இதுக்கு நேர்மாறு. தண்ணிக்குள்ளயே வாழுது, ஆனா உடம்புத் தண்ணி வெளிய இழுபட்டு காஞ்சு போற ஆபத்து. அதனால அது கடல் தண்ணிய குடிக்கும். ஹோமர் ஸ்மித்ங்கிற ஆராய்ச்சியாளர் 1930லயே இத காட்டிட்டாரு. குடிச்சா உப்பும் உள்ள போகுமே, அத எங்க கொண்டு போய் கொட்டுறது?

செவுள்ல. உங்க புத்தகத்துல பூக்கள்னு போட்டிருக்கும். திலாப்பியா வாங்கினா சமைக்க முதல் அந்த மூடியத் தூக்கி நல்லாப் பாருங்க. வளைவு வளைவா இருக்கும், ஒவ்வொரு வளைவுலயும் ரெண்டு வரிசை செவப்பு இழை, அந்த இழைக்கு மேல கண்ணுக்குப் பிடிபடாத மெல்லிய தகடுகள். ஒட்சிசன் உள்ள வரணும்னா தோல் அவ்வளவு மெல்லிசா இருக்கணும், அவ்வளவு மெல்லிசா இருந்தா தண்ணியும் உப்பும் கூட அது வழியா போய் வரும், இதுல இருந்து தப்ப வழியே இல்ல. அந்த இழையில அங்கங்க ஒரு வகைக் கலம் இருக்கு, அயன் கலம்னு வச்சுக்குவோம் (அயன்னா தண்ணில கரைஞ்ச உப்போட மின்னேற்றத் துகள், சோடியம், குளோரைட்டு மாதிரி), உள்ள பார்த்தா கலத்துக்கு சக்தி குடுக்கிற இழைமணி நெரிசலா அடஞ்சு கிடக்கும். ஒரு கலத்துல இவ்வளவு இழைமணி இருக்குதுன்னா அங்க பெரிய வேலை நடக்குதுன்னு அர்த்தம்.

அந்த வேலையோட அடிப்படை ஒரு புரதம், சோடியம் பொட்டாசியம் பம்பி. டென்மார்க்ல யென்ஸ் ஸ்கூ 1957ல நண்டோட நரம்புல இருந்து இத கண்டுபிடிச்சாரு, நோபல் பரிசு கிடைச்சது 1997ல, 40 வருஷம் கழிச்சு. கலத்தோட சக்தி மூலக்கூறான ஏடீபியில ஒண்ண ஒடச்சு மூணு சோடியத்த கலத்துக்கு வெளிய தள்ளும், ரெண்டு பொட்டாசியத்த உள்ள எடுக்கும். பிள்ளைகள் குழம்புற இடம் இதுதான், கவனமா கேளுங்க. கடல் மீனோட அயன் கலத்துல இந்தப் பம்பி கடல் பக்கம் பாத்து இல்ல, ரத்தப் பக்கம் பாத்து இருக்கு. அப்ப சோடியத்த திரும்ப ரத்தத்துக்குள்ளயே தள்ளுதே, உப்பு எப்படி வெளிய போகும்னு கேப்பீங்க. பம்பி தள்ளத் தள்ள கலத்துக்குள்ள சோடியம் கொறஞ்சு போவுது, அந்தக் கொறவ நிரப்ப ரத்தப் பக்கத்துல இருந்து சோடியம் ஓடி வரும், அப்படி வரும்போது என்கேசிசி1னு ஒரு கடத்திப் புரதம் ஒரு சோடியம், ஒரு பொட்டாசியத்தோட ரெண்டு குளோரைட்டையும் சேத்து உள்ள இழுத்துரும். குளோரைட்டு உள்ள சேந்து சேந்து கடல் பக்கம் இருக்கிற சிஎஃப்டிஆர்ங்கிற வாசல் வழியா வெளிய போயிரும். குளோரைட்டு போனா அந்தப் பக்கம் மின்னேற்றம் மாறும், அந்த ஈர்ப்புல சோடியம் கலத்துக்குள்ள வராம, ரெண்டு கலத்துக்கு நடுவுல உள்ள இடுக்கு வழியா தானே வெளிய போயிரும். செலவு பண்ணது ஒரே ஒரு பம்பிக்கு, மத்ததெல்லாம் அதுக்குப் பின்னால தொத்திக்கிட்டு நடக்குது. எத்தன தடவ இதச் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அந்த சிஎஃப்டிஆர் நம்ம உடம்புலயும் இருக்கு. அதோட ஜீன் பழுதானா சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய் வரும், வியர்வை ரொம்ப உப்பாகும், நுரையீரல் சளி கெட்டியாகும். வாந்திபேதிக் கிருமியோட நஞ்சு குடல்ல இதே வாசல திறந்து விட்டுருது, அதனாலதான் தண்ணி தண்ணியா போவுது, அதுக்குத்தான் ஜீவனிங்கிற உப்பு, சீனி கலந்த பொடிய கரைச்சு குடுக்கிறோம்.

இப்ப நன்னீருக்கு வருவோம். அங்க வேலை தலைகீழ், தண்ணில கொஞ்சமா இருக்கிற உப்ப தேடிப் பிடிச்சு உள்ள இழுக்கணும், இடுக்க எல்லாம் இறுக்கமா மூடணும். வேற புரதங்கள், வேற ஏற்பாடு. அப்ப ரெண்டு இடத்துலயும் வாழுற மீன் என்ன பண்ணும்? 1952ல இலங்கைக்கு கொண்டு வந்த மொசாம்பிக் திலாப்பியா அப்படிப்பட்டது. நன்னீர்ல இருந்து தூக்கி நேரா கடல் தண்ணில போட்டா பெரும்பாலும் செத்துரும், ஆனா நடுவுல ஒரு நாள் பாதி உப்புத் தண்ணில வச்சிருந்து மாத்தினா பிழைச்சுக்கும். அந்த இடைவெளியில செவுள்ல நடக்கிறதுதான் விஷயம். உப்பு ஏறினதும் கலம் சுருங்குது, உள்ள நெரிசல் ஆகுது, புரதங்கள் வடிவம் கெட ஆரம்பிக்குது, அத தாங்கிப் பிடிக்க ஹெச்எஸ்பி70 மாதிரி காவல் புரதங்கள் கூடுது, சில மணித்தியாலத்துக்குள்ள ஓஎஸ்டிஎஃப்1 மாதிரி ஜீன்கள இயக்கிவிடுற காரணிகள் எழும்புது, கோர்ட்டிசோல்ங்கிற ஓமோன் ஏறுது, கலம் சுருங்காம இருக்க மயோஇனோசிட்டோல்ங்கிற கெடுதல் இல்லாத சின்ன மூலக்கூற சேக்குது, அதுக்குப் பிறகு கடல் வகை அயன் கலங்கள் பெருகுது.

திரும்பி நன்னீருக்கு வர்றதுக்கு வேற ஓமோன். 1959ல கிரேஸ் பிக்ஃபோர்ட் அம்மையார், மூளைக்கு அடியில இருக்கிற கபச்சுரப்பிய எடுத்துட்ட கில்லிமீன்ங்கிற சின்ன மீன் கடல் தண்ணில உயிரோட இருக்குது, நன்னீர்ல விட்டா செத்துருது, புரோலக்டின் ஊசி போட்டா நன்னீர்லயும் பிழைக்குதுன்னு காட்டினாங்க. புரோலக்டின் யாருன்னு அம்மாமாருக்கு தெரியும், பிள்ளை பெத்தா பால் சுரக்க வைக்கிறது அதுதான். திலாப்பியாவுல அந்தப் புரோலக்டின் கலமே உப்ப அளக்குது. ரத்தம் கொஞ்சம் நீர்த்தா கலம் வீங்கும், வீங்கினா கல்சியம் உள்ள வரும், கல்சியம் வந்தா ஓமோன் வெளிய வரும்.

ஹோர்ட்டன் சமவெளி ஓடையில வெள்ளைக்காரன் கொண்டு வந்து விட்ட வானவில் ட்ரவுட் இருக்கே, அதோட சொந்த இடம் பசிபிக் கரை, அங்க இதே இனத்துல ஒரு பகுதி கடலுக்குப் போய் வரும். அந்த மீனுக்கு பம்பியில நன்னீருக்கு ஒரு வடிவம், கடலுக்கு ஒரு வடிவம், ரெண்டுக்கும் தனித்தனி ஜீன். உப்புத் தண்ணில விட்டா ஒண்ணு கொறஞ்சு மத்தது கூடும். நம்ம ஓடை மீன் கடலையே காணாது, இருந்தாலும் அந்த ஜீன் அதோட ஒவ்வொரு கலத்துலயும் இருக்கு.

மட்டி, சிப்பியெல்லாம் இன்னொரு வழி. சிப்பி வகை ரத்தத்த வெளித் தண்ணி மாதிரியே விட்டுட்டு, கலத்துக்குள்ள டோரின், கிளைசின், அலனின் மாதிரி அமினோ அமிலத்த கூட்டிக் கொறச்சு தாக்குப்பிடிக்கும்.

நான் முக்கியமா சொல்ல வந்தது இனிமேதான். இதெல்லாம் செலவு. ஒவ்வொரு மூணு சோடியத்துக்கும் ஒரு ஏடீபி, புதுசா கட்டுற ஒவ்வொரு கலத்துக்கும் புரதம், ஓமோன் எல்லாம் அந்த மீன் தின்ன சாப்பாட்டுல இருந்து போவுது, அப்ப வளர்றதுக்கும், முட்டை வைக்கிறதுக்கும், நோய எதுக்குறதுக்கும் மிச்சம் கொறயும். மீன் ஏத்திட்டுப் போறவங்க பைத் தண்ணில கொஞ்சம் உப்பு போடுறது இதுக்குத்தான், உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் கொறஞ்சா அலுத்துப் போன மீனுக்கு செலவும் கொறயும். அதனால யாராவது இந்த மீன் உப்பத் தாங்கும், சாகாதுன்னு சொன்னா அதோட நிக்காதீங்க. சாகாம இருக்கிறது வேற, நல்லா இருக்கிறது வேற, எடை போடுதா, குஞ்சு பொரிக்குதான்னு கேளுங்க.

களனியில மழை இல்லாத காலத்துல தண்ணி கொறயும்போது கடல் உள்ள ஏறி அம்பத்தளை பக்கம் வரைக்கும் வருது, கொழும்புக்கு குடிதண்ணி எடுக்கிற இடம் அது, அதனால அங்க உப்புத் தடுப்பு போட வேண்டி வந்துச்சு. மணல் அள்ளி அள்ளி ஆத்துப்படுக்கை தாழ்ந்து போனதும் ஒரு காரணம். மகாவலியில 1976ல இருந்து பொல்கொல்லையில தண்ணிய திருப்பி வேற பக்கம் அனுப்புறோம், விவசாயத்துக்கு அது வேணும், நான் அத குறை சொல்லல. ஆனா கீழ இருக்கிற மீன் தண்ணி மாறுற ஒவ்வொரு தடவையும் செவுள திரும்பக் கட்டுது, ஓடத் தெரிஞ்சது ஓடிரும், பாறையில ஒட்டின சிப்பிக்கு ஓட்ட மூடிக்கிட்டு பொறுத்திருக்கிறத தவிர வழி இல்ல. எந்த அணையில எவ்வளவு தண்ணி எப்ப விடணும்னு கணக்குப் போடும்போது அந்தச் செலவும் கணக்குல வரணும், அத அளந்து சொல்றதுக்கு படிச்ச ஆள் வேணும், இந்த மலையில இருந்து கெம்பஸ் போற பிள்ளைகள் ஏன் அத செய்யக் கூடாது?

சரி, பின்னாடி மேசையில நுணுக்குக்காட்டி வச்சிருக்கு, காலையில வாங்கின திலாப்பியாவோட செவுள்ல ஒரு இழைய எடுத்து வச்சிருக்கேன். வரிசையா வாங்க, சின்னப் பிள்ளைகள முதல்ல விடுங்க, கேள்விய அங்கயே கேளுங்க.