டெரிடோரியல் ஆர்மி கம்பெனி: ரெண்டு மாசத்துல என்ன கத்துக்கலாம், பத்து மாசத்துல என்ன மறக்கும்

வணக்கம். டெரிடோரியல் ஆர்மின்னதும் முக்கால்வாசிப் பேருக்கு தோனி யூனிஃபார்ம்ல நிக்கிற படம்தான் கண்ணுக்கு வருது. அவருக்கு 2011ல கொடுத்தது கௌரவ லெஃப்டினன்ட் கர்னல் பதவி. அதை விட்டுடுவோம். பிழைப்புக்கு ஒரு வேலை பார்த்துக்கிட்டே துப்பாக்கியும் பிடிக்கிற காலாட்படை கம்பெனியைப் பத்திதான் இன்னைக்குப் பேச்சு.

1920ல பிரிட்டிஷ்காரங்க ஆரம்பிச்ச இந்தியன் டெரிடோரியல் ஃபோர்ஸ்தான் இதுக்கு முன்னோடி. சுதந்திரத்துக்கு அப்புறம் 1948ல புதுச் சட்டம் வந்துச்சு. 1949 அக்டோபர் 9ஆம் தேதி, கவர்னர் ஜெனரலா இருந்த ராஜாஜி தொடங்கி வச்சார். 62, 65, 71 மூணு போர்லயும் இவங்க பங்கு உண்டு. கோயம்புத்தூர்ல இருக்கிற 110 மெட்ராஸ் பட்டாலியன் இந்த வகைதான். 2025 மே மாசம் மொத்தம் 32 காலாட்படை பட்டாலியன்ல 14ஐ அழைச்சுக்கலாம்னு அரசு உத்தரவே போட்டுச்சு. அதனால சும்மா அணிவகுப்புக்கு வெச்சிருக்கிற படைன்னு நினைச்சுடாதீங்க.

ஒரு செக்‌ஷன்ல 10 பேர். மூணு செக்‌ஷன் ஒரு பிளட்டூன், மூணு பிளட்டூன் ஒரு கம்பெனி. தலைமையகத்து ஆளுங்களையும் சேர்த்தா சுமார் 120 பேர். வருஷத்துக்கு ரெண்டு மாசம் கேம்ப். மீதி பத்து மாசத்துல என்ன மறந்து போகுதுங்கிறதுதான் பயிற்சி கொடுக்கிறவருக்குத் தலைவலி.

பரேடு மறக்காது, ‘சாவ்தான்’ (நேரா நில்லு)ன்னு குரல் வந்தா கால் தானா சேரும். கை வேலைதான் மறக்கும். ரைஃபிளைக் காலி பண்றதையே எடுத்துக்குங்க. முதல்ல மேகசினை, அதாவது தோட்டா அடுக்கியிருக்கிற பெட்டியைக் கழட்டணும். அப்புறம்தான் பக்கத்துல இருக்கிற காக்கிங் ஹேண்டில்ங்கிற கைப்பிடியை இழுத்து, தோட்டா வெடிக்கிற அறையான சேம்பருக்குள்ள கண்ணால பார்க்கணும். பாதுகாப்பான திசையில பிடிச்சு டிரிகரை அழுத்துறது கடைசி. அவசரத்துல இந்த வரிசை மாறுச்சுன்னா போச்சு. மேகசின் மாட்டியிருக்கும்போதே இழுத்து விட்டா, உள்ள இருந்த ரவுண்டு (தோட்டா) வெளிய குதிக்கும், அடுத்தது உள்ள ஏறிடும். குதிச்ச ரவுண்டைப் பார்த்துட்டு ‘காலி’ன்னு நம்பி டிரிகரை அழுத்துறவன்தான் விபத்துக்குக் காரணம். அதனால கேம்ப்போட முதல் சில நாள் தோட்டா கையில கொடுக்காம இதையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கணும். சலிப்பாதான் இருக்கும், வேற வழியில்ல.

அடுத்து குரூப்பிங். ஒரே புள்ளியைக் குறி வெச்சு அஞ்சு ரவுண்டு. ஓட்டைங்க எல்லாம் ஒண்ணா விழணும், நடுவுல விழணும்னு அவசியமில்ல. சிதறி விழுந்தா துப்பாக்கியைத் திட்டாதீங்க. ஒவ்வொரு தடவையும் கன்னம் துப்பாக்கியோட பின்கட்டையில வேற வேற இடத்துல படும், இல்ல மூச்சு நிக்கிறதுக்குள்ள சுட்டிருப்பீங்க, இல்ல டிரிகரை அழுத்தாம வெடுக்குன்னு இழுத்திருப்பீங்க. குரூப் சேராம சைட்டை (குறி பார்க்கிற பாகம்) தொடவே கூடாது. குரூப் சேர்ந்து, ஆனா வலப்பக்கம் தள்ளி விழுதா? குழல் நுனியில இருக்கிற ஃபோர்சைட்டையும் வலப்பக்கமே நகர்த்தணும். கீழ விழுந்தா ஃபோர்சைட்டைக் கீழ இறக்கணும். தப்பு எந்தப் பக்கமோ, ஃபோர்சைட்டும் அந்தப் பக்கம். புதுசா வர்றவங்க நேர் எதிரா திருப்பிட்டு, ரெண்டு மடங்கு விலகுதேன்னு முழிப்பாங்க.

உடம்பு விஷயம் சுருக்கமா: 5 கிலோமீட்டர் சுமையோட ஓடுறதுல நுரையீரலுக்கு முன்னாடி பாதம் கைவிட்டுடும். கேம்ப்புக்கு ஒரு மாசம் முன்னாடியே பூட்ஸைப் போட்டு நடக்க ஆரம்பிச்சுடுங்க. கொப்புளம் வந்தவன் மூணு நாள் பயிற்சியை இழப்பான். ரெண்டு மாசத்துல மூணு நாள் பெரிய தொகை.

செக்‌ஷன் நகர்றப்போ வர்ற தப்பு வேற. ராத்திரியில பயத்துல எல்லாரும் நெருங்கிடுவாங்க, ஒரே ஒரு குண்டு பாதிப் பேரைச் சாய்க்கும். இடைவெளியைக் குரல் கொடுத்துத் திருத்த முடியாது, முன்னாடி போறவன் அடிக்கடி திரும்பிப் பார்க்கணும்.

இன்னொண்ணு, போன வருஷம் வந்த அதே பத்து பேர் இந்த வருஷமும் வருவாங்கன்னு உத்தரவாதமில்ல. அழைப்பு முடிஞ்சு வர்றவரைத் திரும்ப வேலையில சேர்த்துக்கணும்னு சட்டம் இருக்கு, ஆனா ஊர் மாறுறதையும் உடம்புக்கு முடியாமப் போறதையும் சட்டம் தடுக்காது. அதனால எல்எம்ஜி (லைட் மெஷின் கன்) பிடிக்கிறவனுக்குத் துணையா இருக்கிறவனுக்கு அந்த எல்எம்ஜியும் அத்துப்படியா இருக்கணும். பயிற்சி நடுவுல திடீர்னு செக்‌ஷன் கமாண்டரைத் தொட்டு ‘நீ செத்துட்டே, படு’ன்னு சொல்லிப் பாருங்க. அடுத்த உத்தரவு யார் வாயிலிருந்து, எத்தனை விநாடி கழிச்சு வருதுன்னு கடிகாரத்தைப் பார்த்துக் குறிச்சுக்குங்க.