தில்லிக் குடியரசு தின அணிவகுப்பைக் காணப் புறப்படுமுன்

நேயர்களுக்கு வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 26 காலையில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து தில்லி அணிவகுப்பைப் பார்க்கும்போது, ஒருமுறையாவது இதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொள்ளாத வீடு நம்மிடையே குறைவு. அந்த ஆசை பெரும்பாலும் அன்று மாலைக்குள் மறந்துபோகிறது. மறவாமல் புறப்படுகிறவர்களுக்கு, தமிழ்நாட்டிலிருந்து செல்வோரை மனத்தில் கொண்டு, சில செய்திகளைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு முரண்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். மற்றவை எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன. ரயில்களில் இப்போது அறுபது நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது. 2024 நவம்பர் முதல் நூற்றிருபது நாள் என்பது அறுபதாகக் குறைக்கப்பட்டது. ஆகவே ஜனவரி 22-ஆம் தேதி புறப்பட விரும்புகிறவர் நவம்பர் நான்காம் வாரத்தில் பயணச்சீட்டு எடுத்தாக வேண்டும். ஆனால் அணிவகுப்புக்கான நுழைவுச்சீட்டு ஜனவரி முதல் இரு வாரங்களில்தான் விற்பனைக்கு வருகிறது. அதாவது, அணிவகுப்பில் இடம் கிடைக்குமா என்று தெரியாத நிலையிலேயே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்குப் பணம் கட்டிவிடுகிறோம். அந்தச் சீட்டை மட்டும் நம்பித் திட்டமிடுகிறவர், அது கிடைக்காதபோது பயணமே வீணாயிற்று என்று வருந்துகிறார். என் கருத்தில், குடியரசு தின விழாவை ஒரு காலை நேர நிகழ்ச்சியாகக் கருதாமல், ஜனவரி 31 வரை நீளும் ஒரு வார விழாவாகக் கருதித் திட்டமிடுவதே அறிவுடைமை. அப்படிச் செய்தால் 26-ஆம் தேதி அணிவகுப்பு அந்த வாரத்தின் ஒரு பகுதியாகிவிடும். அது வாய்த்தால் மகிழ்ச்சி, வாய்க்காவிட்டாலும் பார்ப்பதற்குக் குறைவில்லை.

நுழைவுச்சீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாதுகாப்பு அமைச்சகம் 'ஆமந்த்ரண்' என்ற இணையதளம் வழியாகவும், தில்லியில் சில இடங்களில் அமைக்கப்படும் விற்பனை முகப்புகளிலும் இவற்றை விற்கிறது. 2025-இல் அணிவகுப்புக்கு 100 ரூபாய், 20 ரூபாய் என இரு வகைச் சீட்டுகள் இருந்தன. விலை குறைவு என்பதால் எளிதில் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு நாளும் குறிப்பிட்ட எண்ணிக்கையே விற்கப்படுவதால், விற்பனை தொடங்கும் நேரத்தில் விழிப்பாக இருப்பவருக்கே கிடைக்கிறது. ஒளிப்படத்துடன் கூடிய எந்த அடையாள அட்டையைக் காட்டிச் சீட்டு வாங்கினோமோ, அதே அட்டையின் மூலப்பிரதியை அன்று கையில் வைத்திருக்க வேண்டும். வாங்கும்போது ஆதாரைக் காட்டிவிட்டு, வாயிலில் ஓட்டுநர் உரிமத்தை நீட்டினால் காவலர் இரக்கம் காட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

எந்த நாளில் போய்ச் சேருவது என்பது இதைவிட முக்கியமான கேள்வி. சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு பத்து மணியளவில் புறப்படும் தமிழ்நாடு விரைவு ரயில், கால அட்டவணைப்படி மூன்றாம் நாள் காலையில் புது தில்லியை அடைகிறது. ஆனால் ஜனவரியில் வட இந்தியச் சமவெளியைப் பனிமூட்டம் மூடிக்கிடக்கும். பல மணி நேரத் தாமதம் அந்த மாதத்தில் வியப்புக்குரியதன்று. எனவே 25-ஆம் தேதி சேரும்படி ரயில் ஏறுவது சூதாட்டம். 24-ஆம் தேதி காலை சேரும்படி ஏறினால், அரை நாள் தாமதமானாலும் கவலை இல்லை. விமானத்தில் செல்வோருக்கு வேறொரு தடை உண்டு. அண்மை ஆண்டுகளில் ஜனவரி 20-ஐ ஒட்டிய நாள் முதல் 26 வரை, அணிவகுப்புக்கும் அதன் ஒத்திகைக்குமாக, முற்பகலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் தில்லி வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்படுகிறது. அந்த வாரத்தில் மதியத்தை ஒட்டித் தரையிறங்கும் விமானங்களைத் தவிர்த்து, பிற்பகலிலோ மாலையிலோ இறங்குவனவற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதிகாலை விமானம் நேரத்தால் பொருந்தினாலும் பனிமூட்டத்தால் கெட்டுப்போகிறது.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, விடுதியின் வசதியைவிட அது எந்த மெட்ரோ தடத்தில் இருக்கிறது என்பதையே முதலில் பாருங்கள். ஜனவரி 26 காலையில் மத்திய தில்லியின் சாலைகள் அடைக்கப்பட்டுவிடும்; ஆட்டோவோ வாடகைக் காரோ உங்களை அருகில் கொண்டுபோய் விடாது. மெட்ரோ மட்டுமே நம்பத்தக்கது. அன்று அதிகாலை மூன்று அல்லது நான்கு மணிக்கே அது ஓடத் தொடங்குகிறது; அணிவகுப்புச் சீட்டு வைத்திருப்போருக்கு அணிவகுப்புச் சாலையை ஒட்டிய நிலையங்கள் வரை கட்டணமில்லாப் பயணமும் அண்மை ஆண்டுகளில் வழங்கப்பட்டுள்ளது. புது தில்லி ரயில் நிலையத்திலிருந்து மஞ்சள் தடத்தில் மூன்றாவது நிறுத்தம் மத்திய செயலகம். உங்கள் சீட்டில் குறிக்கப்பட்ட பகுதி அணிவகுப்புச் சாலையின் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து, அந்த நிலையத்திலோ அடுத்ததிலோ இறங்க வேண்டியிருக்கும். இதை முந்தைய நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தவறான பக்கம் இறங்கிவிட்டால் சாலையைக் கடந்து மறுபுறம் போக அன்று அனுமதி கிடையாது, பெரிய சுற்று சுற்றித்தான் வர வேண்டும்.

இனி அன்றைய காலை. அணிவகுப்பு பத்தரை மணிக்குத் தொடங்குகிறது. ஆனால் ஏழு மணிக்கெல்லாம் நுழைவாயிலில் இருப்பதே பாதுகாப்பானது. பைகள், உணவுப்பொருள்கள், தண்ணீர்ப் புட்டி, பிளாஸ்க், கேமரா, தொலைநோக்கி, குடை, பவர் பேங்க், ரிமோட்டில் இயங்கும் கார்ச் சாவி ஆகியவை தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இடம்பெறுகின்றன. வாயிலில் இவற்றை ஒப்படைத்துவிட்டு உள்ளே போகலாம் என்று எண்ண வேண்டாம். விடுதியிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். உணவு கொண்டுபோக முடியாது என்பதால் புறப்படும் முன் எதையாவது சாப்பிட்டுவிடுவது கட்டாயம். நீரிழிவு உள்ளவர்கள், ஏழு மணிக்கு உள்ளே நுழைந்தால் நண்பகலுக்குப் பிறகே வெளியே வர முடியும் என்பதைக் கணக்கிட்டு, மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

குளிரைப் பற்றி நம்மவர்களுக்கு எத்தனை சொன்னாலும் போதாது. ஊட்டிக்குப் போய் வந்திருக்கிறோம் என்ற தைரியத்தில் ஒரு ஸ்வெட்டரோடு வருகிறார்கள். நடந்துகொண்டிருக்கும் உடலுக்கு ஏற்படும் குளிர் வேறு; விடியற்காலைப் பனியில் திறந்தவெளியில் நான்கைந்து மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் உடலுக்கு ஏற்படும் குளிர் வேறு. ஒரே தடித்த உடையைவிட, பத்து மணிக்கு மேல் வெயில் ஏறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றக்கூடிய மூன்று மெல்லிய அடுக்குகள் பயன்படும். காதையும் காலையும் மூடுங்கள். செருப்போடு போனவர்கள் முதலில் வருந்துவது பாதங்களுக்காகத்தான்.

இவ்வளவு பாடுபட்டு உட்கார்ந்த பின், கண்முன் நிகழ்வதன் ஒழுங்கு தெரிந்திருந்தால் காட்சி பல மடங்கு சுவைக்கும். தொடக்கத்தில் பிரதமர் தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் மலர்வளையம் வைக்கிறார். 2019-இல் அந்த நினைவுச்சின்னம் திறக்கப்படும் முன்பு இது இந்தியா கேட் வளைவின் கீழ் நடந்தது. பிறகு குடியரசுத் தலைவர் சிறப்பு விருந்தினருடன் வருகிறார். நெடுங்காலம் கைவிடப்பட்டிருந்த குதிரை வண்டியில் வரும் வழக்கம் 2024-இல் மீண்டது. கொடி ஏற்றப்பட்டதும் நாட்டுப்பண் இசைக்கப்படும் ஏறத்தாழ 52 வினாடிகளுக்குள் இருபத்தொரு குண்டுகள் முழங்கும்படி பீரங்கிப் பிரிவினர் கணக்கிட்டுச் சுடுகிறார்கள். சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வோர் இதை முன்பே சொல்லி வையுங்கள். தொலைக்காட்சியில் மெல்லக் கேட்கும் அந்த ஓசை நேரில் நெஞ்சில் அதிரும். அந்தப் பீரங்கிகளும் 2023 முதல் இந்தியாவில் செய்யப்பட்ட 105 மில்லிமீட்டர் வகையைச் சேர்ந்தவை; அதற்கு முன்பு ஆங்கிலேயர் காலத்தவையே முழங்கி வந்தன.

பரம் வீர் சக்கரம், அசோக சக்கரம் ஆகிய உயரிய வீர விருதுகளைப் பெற்ற வீரர்கள் திறந்த ஜீப்புகளில் வருவது அணிவகுப்பின் தொடக்கப் பகுதியில்தான். கூட்டம் அப்போதும் இருக்கைகளைத் தேடிக்கொண்டிருப்பதால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், எழுந்து நிற்க வேண்டிய தருணங்களில் இதுவும் ஒன்று. வழக்கமாக 61-ஆம் குதிரைப்படைப் பிரிவு முன்னே வரும். எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டகப் பிரிவு பின்னர் வரும். மெட்ராஸ் ரெஜிமென்ட் பங்கேற்கும் ஆண்டாக இருந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: 1758-இல் தோன்றிய, நீலகிரியின் வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அப்படைப் பிரிவின் போர் முழக்கம் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று தமிழிலேயே ஒலிப்பது. விமானங்களின் சாகசம் கடைசியில் வருகிறது. பனி விலகாத ஆண்டுகளில் பார்வையாளருக்கு ஓசை மட்டுமே மிஞ்சும், அதற்கும் மனத்தைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும்.

மலிவான இருக்கைகள் பெரும்பாலும் குடியரசுத் தலைவர் அமரும் மேடையிலிருந்து தள்ளியே இருக்கும். இதனால் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. படைகளும் அலங்கார ஊர்திகளும் எல்லோரையும் கடந்தே செல்கின்றன. கலைநிகழ்ச்சியைக் கூட 2025-இல் விஜய் சௌக் சதுக்கம் முதல் இந்தியா கேட் வட்டம் வரை சாலை முழுவதும் பரப்பி, ஐயாயிரம் கலைஞர்களை ஆட வைத்தார்கள். 2026-இல் பார்வையாளர் பகுதிகளுக்கு ஆறுகளின் பெயர்களைச் சூட்டியபோது காவிரிக்கும் வைகைக்கும் அதில் இடம் கிடைத்தது.

இப்போது, சீட்டுக் கிடைக்காதவர்களுக்கும், கிடைத்தாலும் நான்கைந்து மணி நேரம் குளிரில் உட்கார இயலாத முதியவர்களுக்கும் வருகிறேன். எழுபது வயதைக் கடந்த பெற்றோரை 26-ஆம் தேதி காலை அழைத்துச் செல்ல வேண்டாம் என்றே நான் சொல்வேன். அவர்களுக்கு விடுதியில் தொலைக்காட்சி போதும். அன்று பிற்பகலுக்குப் பிறகு செங்கோட்டைக்கு அழைத்துச் செல்லுங்கள். கோட்டைக்கு முன்னுள்ள வெளியில் சுற்றுலா அமைச்சகம் நடத்தும் 'பாரத் பர்வ்' விழாவில், காலையில் அணிவகுத்த அலங்கார ஊர்திகள் 31-ஆம் தேதி வரை நிறுத்தி வைக்கப்படுகின்றன. சாலையில் ஓரிரு நிமிடங்களில் கடந்து போகும் ஊர்தியை அங்கே சுற்றி வந்து, சிற்பத்தின் மூக்கும் முழியும் தெரியப் பார்க்கலாம். கட்டணம் இல்லை, மாநிலங்களின் உணவுக் கடைகளும் உண்டு. அணிவகுப்புக்குத் தேர்வாகாத மாநிலங்களின் ஊர்திகளுக்கும் இங்கே வாய்ப்பளிக்கப்படுகிறது. 2022-இல் தமிழக ஊர்தி தேர்வாகாதது பெரும் விவாதமானதும், அதை மாநில அரசு சென்னையில் காட்சிப்படுத்தி மாவட்டங்களுக்கும் அனுப்பியதும் நினைவிருக்கலாம். பின்னர் மூன்றாண்டுக்குள் ஒவ்வொரு மாநிலமும் ஒருமுறையேனும் பங்கேற்கும்படி சுழற்சி முறை வந்தது. 2024-இல் உத்திரமேரூர்க் குடவோலை முறையைக் காட்டிய நம் ஊர்தி நடுவர் தேர்வில் மூன்றாம் இடம் பெற்றது; 2025 பட்டியலில் தமிழகம் இடம்பெறவில்லை. நம் ஊர்தியைப் பார்ப்பதற்காகவே செல்கிறவர்கள் அந்த ஆண்டின் பட்டியலைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

அதோடு 29-ஆம் தேதி மாலை விஜய் சௌக்கில் முப்படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சி நடக்கிறது. முப்படைகளின் இசைக்குழுக்களும் மத்திய ஆயுதக் காவல் படையினரின் இசைக்குழுக்களும் அந்தி சாயும் வரை வாசிப்பார்கள். முடிவில் குடியரசுத் தலைவர் மாளிகையும் சுற்றியுள்ள கட்டடங்களும் ஒளியூட்டப்படும். இசையில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு இது அணிவகுப்பைவிடவும் நிறைவளிக்கும் என்பது என் தனிப்பட்ட தீர்ப்பு. அதற்கு 2025-இல் 100 ரூபாய்ச் சீட்டு. முந்தைய நாளான 28-ஆம் தேதி அதே வாசிப்பு, அதே சீருடையில், முழு ஒத்திகையாக நடப்பதற்கு 2025-இல் 20 ரூபாய்தான். தலைவர்கள் வருவதில்லை என்பதைத் தவிர ஒத்திகையில் பெரிய குறை ஏதுமில்லை. ஆகவே ஜனவரியில் விற்பனை தொடங்கும்போது 26-ஆம் தேதிக்கான சீட்டுக்கு முயலும் கையோடு 28-க்கான சீட்டையும் வாங்கிவிடுங்கள். ஊர் திரும்பும் ரயிலை, முன்பதிவு தொடங்கும் டிசம்பர் முதல் நாளிலேயே, 30-ஆம் தேதிக்குப் பதிவு செய்துவிட்டால், இடையில் எந்த நிகழ்ச்சிக்கு இடம் கிடைத்தாலும் தேதியை மாற்ற அலைய வேண்டியிருக்காது. நன்றி, வணக்கம்.